விஜயரத்தினம் அண்ணையும் மன்றத்துப் பிக்கப்பின் டேர்போவும்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் தமிழ் மன்றத் தலைவி திருமதி பாலாம்பிகை அவர்களே, மண்டபத்தையும் தந்து, எங்கள் பாஷை விளங்காவிட்டாலும் முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, கணவரை இழந்து எங்கள் முன்னால் இருக்கும் கலாதேவி அக்கா அவர்களே, இந்த மார்கழிக் குளிருக்குள் கெல்சென்கிர்ச்சனிலும் டுசல்டோர்ஃபிலும் இருந்து வந்து சேர்ந்த உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மகேந்திரராஜா. மன்றத்தின் பிக்கப் வண்டியை ஓட்டுகிறவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. போன ஞாயிற்றுக்கிழமை எங்களை விட்டுப் போன எங்கள் மெக்கானிக், மன்றத்தின் ஆரம்பகால உறுப்பினர், அமரர் விஜயரத்தினம் அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எண்பத்தாறில் நாங்கள் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினோம். ஒரு பையோடு வந்து இந்த நகரத்து அகதி விடுதியான ஹைமில் இறங்கிய எத்தனை குடும்பத்துக்குக் கட்டில் கொண்டுபோனது அந்த வண்டி? அரிசி மூட்டை அதில்தான் வந்தது. சாமிப் படங்கள் அதில்தான் போயின, நத்தார் மரமும் அதில்தான் போனது. அந்த வண்டி நின்றால் மன்றமே நின்றது. அது நிற்காமல் பார்த்துக்கொண்டவர் விஜயரத்தினம் அண்ணை.

ஊரில் அவர் திருத்தியவை லொறிகளும் பழைய கார்களும். டேர்போ என்ற சாமானை அவர் முதன்முதலில் கண்டது இங்கேதான். கண்ட நாளிலிருந்து அதன் மேல் அவருக்கு ஒரு காதல். கேட்டவருக்கும் விளக்குவார், கேட்காதவருக்கும் விளக்குவார். "என்ஜின் வெளியால தள்ளுற புகை ஒரு சின்னச் சில்லைச் சுத்தும். அதே தண்டில இருக்கிற மற்றச் சில்லு வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள அனுப்பும். கனக்கக் காத்து, கனக்கப் பலம். அந்தத் தண்டு எண்ணெயிலதான் மிதக்குது. எண்ணெய் நிண்டா ஆள் முடிஞ்சுது." கலியாண வீட்டுப் பந்தியிலும் இதைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரின் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒருமுறை பாரம் ஏற்றினால் வண்டி மேட்டில் ஏறாமல் முக்கியது. பின்னால் கரும்புகை. டேர்போ போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அண்ணை அதற்குக் கிட்டவும் போகவில்லை. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என்னை என்ஜினை முறுக்கச் சொல்லிவிட்டு, டேர்போவிலிருந்து காற்றுப் போகும் ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டு போனார். அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வெடிப்பு. காற்று முழுவதும் அதால் போய்க்கொண்டிருந்தது. "கரும்புகை எண்டா காத்துப் போதேல்லை எண்டு அர்த்தம். காத்து எங்க போகுது எண்டு பாக்காமல் டேர்போவில பழி போடலாமோ?" என்று கேட்டார். குழாயை மாற்றினார், வண்டி ஏறியது.

அதற்குப் பிறகு டேர்போவின் மேலே எண்ணெய்க் குழாய் பூட்டுகிற இடத்தில் ஒரு சின்ன ஒழுக்கு வந்தது. அதையும் அண்ணை ஒரு பின்னேரத்தில் நிறுத்திக் கொடுத்தார். எல்லாம் நன்றாக ஓடியது.

எண்பத்தேழாம் ஆண்டுப் பொங்கல். டுசல்டோர்ஃபில் பிள்ளைகளுக்கு விழா. பொங்கலும் கறியும் கிடாரங்களில் வைத்து நான் ஏற்றிக்கொண்டு போனேன். ஒட்டோபான் நெடுஞ்சாலையில் போகும்போது முன்னுக்கிருந்து ஒரு கீச்சுச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பலம் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே நீலப்புகை. ஓரமாக்கி நிறுத்தினேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பொங்கல் விழாவில் பாணும் ஜாமும் சாப்பிட்டார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மன்றத்தைக் கூட்டினார்கள். அண்ணை டேர்போவின் சின்னச் சில்லை விரலால் ஆட்டிப் பார்த்திருந்தார். அது தளர்ந்து கூட்டில் உரசியது, உள்ளே எண்ணெய் வழிந்திருந்தது. தண்டு தேய்ந்துவிட்டது என்றார். ஏன் தேய்ந்தது என்று சபை கேட்டது.

"வேகமா ஓடிப்போட்டு, அந்தச் சூட்டோட உடன என்ஜினை நிப்பாட்டினா டேர்போவுக்கு எண்ணெய் போகாது. இருக்கிற எண்ணெயும் கருகும். ஓட்டினவர் அப்பிடித்தான் செய்திருப்பார்" என்றார்.

"இல்லை அண்ணை, நான் எப்பவும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிப்பாட்டிறனான்" என்றேன்.

"அப்ப இது ஏன் தேஞ்சது?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடமிருந்து வண்டியை ஸ்டார்ட் எடுக்கிற திறப்பை வாங்கிக்கொண்டார்கள்.

சபையோரே, அந்தத் திறப்பு எனக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலை செய்ய அனுமதியில்லாமல் ஹைமின் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். நானும் ஒன்றுக்கு உதவுகிறேன் என்று காட்ட என்னிடம் இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். ஹைமில் உடுப்புத் தோய்க்கிற அறையில் என் மனைவியைப் பார்த்து, "உங்கட மனுசன்தானே பிக்கப்பை எரிச்சவர்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அங்கே போவாள். எனக்கு அண்ணை மேல் பொல்லாத ஆத்திரம். அஞ்சலி மேடையில் இதைச் சொல்லலாமா என்று சிலர் நினைப்பீர்கள். அவரே மறைக்காத கதை இது. நான் ஏன் மறைக்க வேண்டும்?

பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் அண்ணை இன்னொரு டேர்போ தேடி எடுத்தார். அதைப் பூட்டுவதற்காகப் பழையதன் எண்ணெய்க் குழாயைக் கழற்றினார். எண்ணெய் உள்ளே போகிற துளையில் சிவப்பாக ஒரு துண்டு அடைத்துக்கொண்டு இருந்தது. காய்ந்த பசை. யாருடைய பசை? அவருடையது. ஊரில் மூட்டுக்கு இடையில் வைக்கிற கஸ்கட் கிடைக்காத காலத்தில் எங்கள் மெக்கானிக்மார் எதற்கும் பசை பூசித்தானே பூட்டினார்கள்? அந்தக் கைப்பழக்கத்தில் ஒழுக்கை நிறுத்த இங்கேயும் தாராளமாகப் பூசியிருக்கிறார். மிஞ்சின பசை உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, கழன்று, எண்ணெயின் வழியை மூடிவிட்டது. தண்டு எண்ணெய் இல்லாமல் சுற்றித் தேய்ந்திருக்கிறது.

அந்த நேரம் கராஜில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு துணியால் வழித்து எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். டேர்போவைப் பற்றி எங்களில் யாருக்கு என்ன தெரியும்? அவருடைய பெயரும் அப்படியே இருந்திருக்கும், என்னுடைய பெயரும் அப்படியே கெட்டிருக்கும்.

அவர் எண்ணெய்க் கையோடு, அந்தக் குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "மகேந்திரராஜா, வண்டியை எரிச்சது நீர் இல்லை, நான்" என்று விரித்துக் காட்டினார். என் மனைவி, "உள்ளுக்கு வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. உங்கட வாசலில சொன்னாக் காணாது. பிழையாச் சொன்ன இடத்திலதான் திருத்திச் சொல்ல வேணும்" என்றார்.

தலைவியிடம் போய் மீண்டும் சபையைக் கூட்டச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் எழும்பி, அந்தக் குழாயை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "காத்து வடிகட்டியைச் சந்தேகிச்சன், குழாயைச் சந்தேகிச்சன், ஓட்டினவரையும் சந்தேகிச்சன். என்ர கைவேலையை மட்டும் சந்தேகிக்கேல்லை." திறப்பை அவரே என் கையில் தந்தார்.

அதனால் அவருக்கு நட்டம் இல்லாமல் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பலர் தங்கள் கார்களை அவரிடம் கொண்டுபோகவில்லை. பிழைவிட்டேன் என்று தன் வாயாலேயே சொல்கிற மெக்கானிக்கை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். வேறு எப்படிப்பட்டவரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. உடனே நாங்கள் இருவரும் ஒட்டி உறவாடவில்லை என்பதும் உண்மை. எனக்கு மனம் ஆற நாள் பிடித்தது. அவரும் அவசரப்படுத்தவில்லை. புது கஸ்கட் வைத்துப் பூட்டி, என்ஜினை ஸ்டார்ட் எடுக்க முதல் டேர்போவுக்குள் தன் கையால் எண்ணெய் வார்த்தார். அதன் பிறகு என்னை எங்கே கண்டாலும், "ஓடவிட்டு நிப்பாட்டினனீரோ?" என்று கேட்பார். அந்தக் குணம் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று இப்படியான கூட்டங்களில் உறுதி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். பிக்கப் நிற்காது. எண்ணெய் பார்ப்பதும் குழாய் பார்ப்பதும் இனி என் பொறுப்பு. ஆனால் அவர் செய்த வேலை அது மட்டும்தானா? ஆளைக் குற்றம் சொல்ல முதல் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று, தன் பெயரைக் கொடுத்து எங்களுக்குக் காட்டினாரே, அதை யார் தொடர்வது?

அவர் விழுந்தது எங்கள் மன்றத்துப் பீலிக்ஸ் தம்பியின் காருக்குப் பக்கத்தில். அதைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றிலிருந்து இந்த ஒரு கிழமையாக ஒரு கதை ஓடுகிறது. இந்தக் குளிருக்குள் பீலிக்ஸ் அவரைக் கூப்பிடாமல் விட்டிருந்தால் ஆள் இன்றைக்கும் இருந்திருப்பார் என்று. கடையில் கேட்டேன், ரயிலில் கேட்டேன். சற்று முன்னர் இந்த மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற குசினியிலும் கேட்டேன். நேற்று நான் கலாதேவி அக்காவிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அவருடைய சம்மதத்தோடு அப்படியே சொல்கிறேன்.

"அவருக்கு வெள்ளிக்கிழமையில இருந்து நெஞ்சு நோ. வாய்வு எண்டு இஞ்சித் தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். ஆசுப்பத்திரிக்குப் போவம் எண்டு கெஞ்சினனான். பீலிக்ஸ் தம்பி கூப்பிடவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வராதேங்கோ எண்டுதான் சொன்னவர். வீட்டில இருந்தா நான் கூட்டிக்கொண்டு போயிடுவன் எண்டு, இவர்தான் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர். இதைச் சொன்னா என்ர மனுசனில பிழை எண்டு வரும். எண்டாலும் நீர் சொல்லும். உயிரோட இருந்தா அவரே வந்து சொல்லியிருப்பார்."

பீலிக்ஸ், நீர் கதவடியில் நிற்பது இங்கிருந்து எனக்குத் தெரிகிறது. உள்ளே இத்தனை கதிரை இருக்க, நீர் ஏன் அங்கே நிற்கிறீர் என்று எனக்கு விளங்கும். நானும் அப்படி நின்றிருக்கிறேன். முன்னுக்கு வாரும். அக்கா தன் பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துவிட்டார். அடுத்தவர் பேசக் காத்திருக்கிறார் என்று தெரியும், தலைவி என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பி வந்து அந்தக் கதிரையில் இருந்த பிறகுதான் நான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.