பதினொரு குழிகள் தோண்டிய மணற்பரிசோதகருக்கு

தூத்துக்குடி கீழைக்கரைக் கனிமப் பரிசோதனைச் சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கல்லையும் மணலையும் தம் மனச்சான்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்து, விரோதி வருடம் வைகாசித் திங்களில் பணி நிறைவுறும் மணற்பரிசோதகர் திருவாளர் சங்கரபாண்டியன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுருகி வாசித்தளிக்கும் மடல்.

அளவறிந்த அண்ணலே! தேரிக்காட்டுச் செம்மண் ஈன்ற செம்மலே! எங்கள் அனைவர்க்கும் அண்ணாச்சியே!

பிற்பகல் இரண்டு மணிக்குக் கடற்காற்று எழும்பும்போது தராசு முள் நடுங்குமே என்று சன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்து வருவீர்கள். தாங்கள் மூச்சை அடக்கி நிறுக்கத் தொடங்கினால் அறையில் ஒருவரும் பேசமாட்டோம். துறைமுகத்துச் சங்கு ஊதினாலும் அது ஓயும்வரை காத்திருந்து, மீண்டும் முதலிலிருந்து நிறுப்பீர்கள். கப்பலேற வந்த தாதுக்கற்கள், உப்பளத்து நீர், சுண்ணாம்புக்குச் சுட்ட சிப்பி, தேரியின் சிவந்த மணல் என்று எத்தனை ஆயிரம் பொட்டலங்கள் தங்கள் கையால் கழுவப்பட்டு, காய்ந்து, காந்தம் பட்டுப் பிரிந்தன! நாளை முதல் அந்தச் சன்னல்களை யார் அடைப்பது என்பதை நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

தங்கள் சீர்களை வரிசையாக அடுக்கி எழுதவே முதலில் எண்ணினோம். போன வாரம் தங்களிடம் இசைவு கேட்டபோது, “புகழ்ந்து எழுதுனா வாங்கமாட்டேன். எழுதத்தான் வேணும்னா பெரியதாழைக் கரையில நான் செஞ்ச தப்ப எழுதுங்க” என்றீர்கள். தங்கள் சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆதலால், அந்நாளில் இங்கில்லாத இளையவர்களும் அறியும்படி, அந்த நிகழ்ச்சியை உள்ளபடி சொல்கிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். சண்டை உச்சத்தில் இருந்த காலம். கருமணலிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சாயத்துக்கு எங்கும் தேவை இருந்தது. பெரியதாழைக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரையில் எவ்வளவு கருமணல் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு கம்பெனி நம் சாலையைக் கேட்டது. அண்ணாச்சி கரி பஸ்ஸில் போனார். பெட்ரோல் கிடைக்காததால் அடுப்புக் கரியை எரித்து ஓடிய பஸ் அது. ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கரை முழுவதும் மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது. இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் அவர் அப்படி ஒரு கரையைக் கண்டதில்லை. நெஞ்சு துள்ளியது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

நான்கடி ஆழம் தோண்ட வேண்டும் என்பது விதி. ஆனால் கச்சான் என்னும் மேல்காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. அரையடி தோண்டியதும் நீர் ஊறிக் குழி சரிந்தது. மூன்று இடத்தில் முயன்று பார்த்துவிட்டு, மேல்மணலை மட்டும் பைகளில் அள்ளிக்கொண்டு திரும்பினார். கழுவி நிறுத்ததில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு கருமணல் இருந்தது. அறிக்கையில் “நான்கடி வரை இவ்வாறே” என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மூன்று சொற்களை எழுதும்போது கை சற்றே தயங்கியதாம். மேலே இவ்வளவு இருக்கிறதே, கீழே எங்கே போய்விடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம்.

தை மாதம் அந்தக் கரையைக் கம்பெனி எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று. எல்லைக் கல் நடும் ஆட்களுக்கு இடம் காட்ட அண்ணாச்சியே அனுப்பப்பட்டார். போய்ப் பார்த்தவர் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்தார். கரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதன்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாய் என்ற ஒரு பெண் குனிந்து மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கன கறுப்பு மண்ணு கெடந்ததே, எங்க போச்சு?” என்று அண்ணாச்சி கேட்டார்.

ஜெயபாய் நிமிர்ந்து பார்த்தார். “ஆடியில வந்து பையில அள்ளிட்டுப் போனது நீங்கதானா அண்ணாச்சி? அது ஆடிச் சரக்குலா. கச்சான் அடிச்சா கடலு வெள்ள மண்ண இழுத்துட்டுப் போயிரும், கனத்த கறுப்பு மட்டும் தங்கும். வாடையில வெள்ளையத் திருப்பிக் கொண்டாந்து மூடும். வருசா வருசம் நடக்கதுதான்.”

அண்ணாச்சி குனிந்து ஒரு பிடி வெண்மணலை அள்ளிப் பார்த்தார். ஜெயபாய் எல்லைக் கற்களைக் காட்டி, “முப்பத்தெட்டு வீட்டையும் எடுத்துட்டுத் தேரிப் பக்கம் போகச் சொல்லுதாங்களே, நெசந்தானா? அங்கன போயிட்டா வள்ளத்த எங்க இழுத்துப் போடுதது?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவரிடம் வழி கேட்பதுபோல்தான் கேட்டார்.

“ரெண்டு நாள் பொறுங்க” என்று மட்டும் அண்ணாச்சி சொன்னார்.

கல் நட வந்தவர்களை நிறுத்திவைத்தார். ஊரில் பழைய மண்ணெண்ணெய் டின்களை வாங்கி, அடிப்பக்கத் தகட்டை வெட்டியெடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மணலில் இறக்கினார். குழி சரியாமல் நின்றது. நீரை முகந்து ஊற்ற ஊர்க்காரர்கள் கை கொடுத்தார்கள். இரண்டு நாளில் பதினொரு குழிகள். ஒவ்வொன்றும் முழு நான்கடி. வெள்ளை மணலுக்குக் கீழே நான்கு விரற்கடை கனத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அதற்கும் கீழே மீண்டும் வெறும் வெண்மணல். பதினொன்றிலும் அதேதான். ஆறு மாதங்களுக்கு முன் இந்தத் தகர டின் நம் புத்தியில் உதிக்கவில்லையே என்று கடைசிக் குழியின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். உடம்பெல்லாம் உப்பு நீர். அதில் கண்ணீர் எது என்று தமக்கே தெரியவில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

சாலைக்குத் திரும்பிக் கழுவி நிறுத்தபோது, நூற்றுக்கு ஏழு பங்குதான் தேறியது. தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரி சுந்தரராஜ் அவர்களின் அறைக்குப் போனார்.

சுந்தரராஜ் அவர்கள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். “இது வெளிய போனா உம்ம கையெழுத்துக்கு மட்டுமில்ல, இந்தச் சாலைக்கே மதிப்பு போயிரும் வே. பேசாம விட்டிரும். கம்பெனிக்காரன் நாளைக்குத் தோண்டும்போது அவனே பாத்துக்கிடட்டும்” என்றார்கள்.

“அவங்க தோண்டுததுக்கு முன்னாடி வீடுக போயிருமே ஐயா.”

“அது நம்ம வேல இல்ல.”

“தப்பா நிறுத்துக் கொடுத்தது நம்ம வேலதானே ஐயா” என்றார் அண்ணாச்சி. குரல் உயரவில்லை. தம் மேசைக்கு வந்து, “முன் அனுப்பிய அறிக்கை தவறானது. நான்கடி தோண்டாமலே தோண்டியதாக எழுதியவன் நான். வேறு எவருக்கும் இதில் பங்கில்லை” என்று எழுதினார். புதிய கணக்கையும் அதனுடன் இணைத்து, கம்பெனிக்கு ஒன்று, கலெக்டர் கச்சேரிக்கு ஒன்று என்று தாமே தபாலில் சேர்த்தார்.

கம்பெனியின் பொறியாளர் வந்து பார்த்தார். அண்ணாச்சி அவர் முன்னிலையில் மேலும் மூன்று குழிகள் தோண்டிக் காட்டினார். ஒரு மாதத்தில் உத்தரவு நீக்கப்பட்டது. நட்டிருந்த சில கற்களை ஊர்க்காரர்கள் பிடுங்கி வள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சிக்கு வந்தது வேறு. வெளிவேலை பறிக்கப்பட்டது. பரிசோதகர் என்ற பெயரும் போய், பின்கட்டில் மணல் கழுவும் கொட்டகைக்கு அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவருக்கு வேலை சொன்னார்கள். மூன்றாண்டுகள் அந்த ஈரத் தரையில் நின்றார். முதல் சில வாரங்கள் தலை நிமிராமல் மணலைக் கழுவினார். பிறகு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கூட வருவீர்களா என்று எங்களைக் கேட்டார்.

அந்த ஞாயிறுகளை எங்களில் எவரும் மறக்கமாட்டோம். தருவைகுளம் முதல் பெரியதாழை வரை பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, மாதந்தோறும் அதே இடத்தில், அதே ஆழத்தில் மணல் எடுத்தோம். சோற்றுப் பொட்டலத்தில் பாதி மணலாக இருக்கும். வெயிலில் முதுகு தோலுரிந்தது. திரும்பும் வழியில் அண்ணாச்சி மெல்லிய குரலில் ஏதாவது பாடிக்கொண்டு வருவார். அலுவலகத்தில் ஒருநாளும் அவர் பாடிக் கேட்டதில்லை. மூன்றாண்டுகள் முடிந்தபோது, எந்தக் காற்றில் எந்தக் கரை எவ்வளவு கறுக்கும், எவ்வளவு வெளுக்கும் என்பது முழுவதும் ஒரு நோட்டில் இருந்தது. நாற்பத்தேழில் அந்த நோட்டைப் படித்துவிட்டு அவரை மீண்டும் வெளிவேலைக்கு அழைத்தவர் சுந்தரராஜ் அவர்களேதாம். இன்று நம் சாலையில் ஒரு பருவத்து மணலை மட்டும் பார்த்து எவரும் அறிக்கை எழுதுவதில்லை.

இம்மடலின் படியைத் திருத்தித் தரும்படி சுந்தரராஜ் அவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் அறையில் நடந்த பேச்சை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் சொன்னார்கள்: “அன்னைக்கு நான் சொன்னதையும் எழுதுங்க. அவரு தப்ப எழுதிட்டு என் தப்ப மறைச்சா, இதுவும் அரையடி தோண்டுன அறிக்கைதான்.” எழுதிவிட்டோம், அண்ணாச்சி. அதைச் சுந்தரராஜ் அவர்களே இந்த அவையில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா! நோய் அண்டா உடலும், நொடியா உள்ளமும், சண்முகவடிவு அம்மையாரின் நீங்காத் துணையும் பெற்று, மக்களும் மக்கள்தம் மக்களும் சூழத் தாங்கள் நெடுங்காலம் இனிதே வாழ்க. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கரைக்குப் போய்க்கொண்டுதான் இருப்போம். கால் இசைந்தால் வாருங்கள். சோற்றுப் பொட்டலத்தில் ஒன்று கூடுதலாகவே கட்டி வருவோம்.

தூத்துக்குடி,
31-5-1949.

தங்களோடு மணல் சுமந்த பேற்றினர்,
சுந்தரராஜ், அய்யாக்குட்டி, ஏசுவடியான், மாசானம், அற்புதமணி
மற்றும் கீழைக்கரைக் கனிமப் பரிசோதனைச் சாலை ஊழியர் அனைவரும்.