எச்சில் படாத வெளிச்சம்

ஓக் மரத்தை வரைபவன் நிழலைத்தான் முதலில் போடுவான். இலைமேல் விழும் வெளிச்சம் கடைசியில், மஞ்சளில், மெல்லிய தூரிகையால். ஒரு மரத்துக்கு எனக்கு ஒன்பது நாள் ஆகும்.

ஹாலந்தில், இந்த ஹார்லெம் ஊரில், நான் மரம் மட்டும் வரைகிறேன். அதே படத்தில் மனிதர்களை வரைய கிரேலிஸ் வருவான். இங்கே வழக்கமே அப்படித்தான். மரத்தடியில் நான் விட்டுவைத்த வெளிச்சத்தில் ஒரே மத்தியானத்தில் இரண்டு ஆட்களை நிறுத்திவிடுவான்.

"என்னடா வூட்டர், உன் காட்டுல பேய்கூடக் குடியிருக்காது போல. இரு, ஒருத்தனக் கூட்டிட்டு வரேன்" என்பான்.

தூரிகையை வாயில் வைத்துத்தான் நுனி கூட்டுவான். உப்பு மீன் தின்ற வாய். உதட்டோரம் எண்ணெயும் எச்சிலும் நுரைத்து நிற்கும். அந்த ஈரத்தோடு என் வெளிச்சத்தைத் தொடுவான். அவன் போன பிறகு குனிந்து முகர்வேன். மீன் வாடை அடிக்கும்.

பீர் காய்ச்சும் ஹெண்ட்ரிக் ஒருநாள் படம் வாங்க வந்தார்.

"மரந்தான் ஊரெல்லாம் சும்மா நிக்குதே. அதோ ஒண்ணுக்குப் போறான் பாருங்க, அவனுக்குத்தான் காசு" என்றார், கிரேலிஸ் வரைந்த ஆளைக் காட்டி.

கிரேலிஸ் சிரித்தான். பல்லெல்லாம் மஞ்சள். ஹெண்ட்ரிக் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நான் செய்ததற்கு எச்சில்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

செடியிலிருந்து எடுக்கும் மஞ்சள் நாக்கில் பட்டால் கசக்கும், அவ்வளவுதான். தாளகமும் மஞ்சள்தான், ஆனால் பாஷாணம். ஒன்றில் மற்றொன்றைச் சிறிது கலந்தால் தெரியாது. வண்ணம் குழைப்பது என் வேலை. நான்தான் கலந்தேன். தாளகத்தை எனக்கு விற்றதாக மருந்துக்கடைக்காரர் உங்களிடம் சொன்னது உண்மை.

ஏழு வாரம் ஆயிற்று. முதலில் வாந்தி. பிறகு முடி கொட்டியது. உள்ளங்கை தடித்துக் கறுத்தது. என் வீட்டிலேயே படுக்கவைத்தேன். வாளியையும் நான்தான் பிடித்தேன்.

"உனக்கு அருவருப்பா இல்லையாடா?" என்றான்.

இல்லை என்றேன்.

"கூடப் பொறந்த அண்ணனே எட்டிப் பாக்கல. சரி, அந்தப் படப் பலகையக் குடு. உன் மரத்தடி இன்னும் காலியா கெடக்கு. மஞ்சளும் கொஞ்சம் வையி."

வைத்தேன். பலகையை மடியில் சாய்த்து வரைந்தான். நடுவில் நடுவில் தூரிகையை வாயில் வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தான்.

அதன் பிறகுதான் பலகையைப் பார்த்தேன். ஓக் மரத்தடியில், படத்திலிருந்த ஒரே வெளிச்சத்தில், ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். என் தொப்பி. என் முகம்.

பிணத்தை எடுக்க ஆள் வருவதற்குள் அந்த இடத்தை நிழலால் மூடிவிட்டேன். அவன் வரைந்ததில் என் மூக்கு சரியாக வரவில்லை.