இடப்பக்கம் இரண்டு தட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அந்த ஃபேனையும் நிறுத்துங்கள். சத்தம் கேட்க வேண்டிய கதை. என் சிநேகிதன் ஜெயராஜின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் சிவநேசன். கிள்ளானில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

மாலை ஏழு மணி. மழை விட்டிருந்தது, ரோட்டில் ஆள் இல்லை. தண்டவாளத்தை ஒட்டிய கிடங்குகளைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிறார். மனைவி மலர் மாரடைப்பில் போய், கருமாதி முடிந்த மறுநாள் அது. பிள்ளைகள் இல்லை. கேட்டைத் திறக்கிறார்... உள்ளே, இருட்டில்...

டொக். டொக்.

பிறகு ஒரு மணி. டிங்...

ஹாலில் நின்றது மலரின் பின்பால் விளையாட்டு மெஷின். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் அப்பாவின் காப்பிக் கடையில் இருந்தது. கடையை மூடியபோது அவள் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சாமான். இரும்பு உருண்டையைச் சுண்டி விட்டுப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால், உள்ளே மட்டை திருப்பி அடிக்கும். மலர் ஆடினால் வீடே ஆடும். மெஷினை இடுப்பால் இடிப்பாள்.

“மெதுவா லா. மாடு முட்டுற மாதிரி முட்டுற.”

“நீங்க போயி உங்க லிஃப்டத் தடவிக் குடுங்க. இவனுக்கு இடிதான் பிடிக்கும்.”

ஒவ்வொரு உருண்டைக்கு முன்பும் இடப்பக்கப் பொத்தானில் இரண்டு தட்டு தட்டுவாள், சாமி கும்பிடுகிற மாதிரி. மணிக்கட்டு வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி தட்டுவாள்.

டொக். டொக்... இருட்டில் அதே தைல வாசனை.

சிவநேசன் விளக்கைப் போட்டார். யாரும் இல்லை. மழை ஈரத்தில், மட்டையை அசைக்கிற காயிலுக்குக் கரண்ட் கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கழற்றிப் பார்க்கவில்லை. மறுநாள் மாலையும் கேட்டது. அதற்கடுத்த நாளும். கொஞ்ச நாளில், வேலை முடிந்து வரும்போது இரண்டு பேருக்குத் தே, அதாவது டீ, பையில் கட்டி வாங்கி வர ஆரம்பித்தார். மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இன்றைக்கு எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார் என்று சொல்வார். சொல்லி முடித்தால்... டொக். டொக்.

தீபாவளி நெருங்கும்போது மலரின் தங்கை புனிதா வந்தாள். சத்தத்தைக் கேட்டு முகம் வெளுத்தாள்.

“பழைய ஒயரு மாமா. ஒரு நாளைக்கு வீட்டோட எரிஞ்சுடும்.” அவர் மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளே மெல்லச் சொன்னாள்: “படையல் வருதுல்ல. நல்லாப் பண்ணி வைங்களேன். அக்கா வந்து ஆசையா வெளாடட்டும்.”

அந்தப் பேச்சு அவரைத் தொட்டுவிட்டது. செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்தி, அவர்கள் வந்து போகும்வரை வெளியே நிற்பதுதானே படையல். லீவு போட்டார். துணி சுற்றிய ஒயர்களை உருவினார். கறுத்துப்போன காயில்கள், ரிலே, மணிகள், மஞ்சள் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றினார். புது போர்டு, எல்இடி விளக்கு, ஸ்பீக்கர் பொருத்தினார். மணிச் சத்தம்கூட ஸ்பீக்கரில் அப்படியே வந்தது. கழற்றியதைச் சாக்கில் கட்டி, தெருவில் வந்த பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டார்.

அன்று மாலை மெஷின் தட்டவில்லை. புதுசு, அவள் பழக வேண்டாமா என்று நினைத்துக்கொண்டார்.

படையலன்று மெஷின் முன்னால் வாழை இலை. ஆட்டுக்கறிப் பெரட்டல், நெத்திலி சம்பல், ஒரு கிளாஸ் தே. கதவைச் சாத்தினார்கள். சிவநேசன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்றுமில்லை...

திறந்தபோது தேயில் ஆடை படிந்திருந்தது. தைல வாசனை இல்லை. புது விளக்குகள் வெள்ளையாக எரிந்தன.

“அந்தப் பழைய சாமானெல்லாம் எங்க மாமா?” என்றாள் புனிதா.

அவர் அதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார். காப்பார் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் அந்த லோரிக்காரரின் இரும்புக் கிடங்கு. அங்கிருந்தவர் தலையைச் சொறிந்தார்.

“மணியெல்லாம் கெடந்த சாக்கா அண்ணே? உள்ள எலின்னு நெனச்சேன். தட்டிக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம்தான் பிரஸ்ஸுல போட்டு நசுக்கினோம்.”

பிஸ்கட் டின் அளவுக்கு ஓர் இரும்புக் கட்டியைக் காட்டினார். காயிலும் மணியும் ஒன்றோடொன்று அப்பி, ஊசி நுழைய இடமில்லை. சிவநேசன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மெஷின் கண்ணாடி மேல் வைத்தார்.

“மலரு...”

டொக். டொக்.

இரும்புக்கு உள்ளேயிருந்து. கரண்ட் இல்லை, அசைய இடமும் இல்லை. டொக் டொக். டொக் டொக். நிற்கவில்லை. விளையாடுகிறவள் தட்டு இல்லை இது... லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ரம்பத்தை எடுத்து வந்தார். “இரு... இதோ தொறந்துடறேன்.” முதல் இழுப்பு. உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. இன்னொரு இழுப்பு... பல்லில் சிவப்பாக ஈரம். ரம்பம் கையிலிருந்து விழுந்தது.

ஜெயராஜ் போன மாதம் பார்க்கப் போயிருந்தான். கட்டி இன்னும் அங்கேதான். பக்கத்தில் இரண்டு கிளாஸ் தே. அறுத்த கோட்டின் மேல், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டர் ஒட்டியிருந்ததாம்.

“தெனம் மாத்தணும் ஐயா,” என்றாராம் சித்தப்பா. “நனைஞ்சுடுது.”