லண்டன் சாய்வை அறுத்த ஃபிட்டர் லாசரஸ்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் துரைசாமி ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் லாசரஸின் துணைவியார் ஜோசபின் அம்மா அவர்களே, ஃபேரர் பார்க்கின் இந்தச் சிறிய அறை கொள்ளாமல் படிக்கட்டு வரை நிற்கும் நண்பர்களே! வணக்கம்.

நான் நாகூர் கனி. சிராங்கூன் சாலையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். நமது வான்காட்சி மன்றத்தின் செயலாளர். ஃபிட்டர் லாசரஸ் மாரடைப்பில் மறைந்து இன்று ஏழாம் நாள். அழ வந்திருக்கிறோம், அழுவோம். ஆனால் நான் முதலில் பெருமைப்படப் போகிறேன். பெருமைப்படாமல் இருக்க முடியுமா? கப்பல் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நின்ற நம் ஆள், ஓர் ஆங்கிலக் கருவிக்குச் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாரே!

ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்ற தொலைநோக்கியை நீங்கள் அறிவீர்கள். அதன் இரும்புத் தாங்கியில் ஓர் அச்சு உண்டு. வானம் நகரும் வேகத்தில் அதைத் திருகினால் கருவியும் நட்சத்திரத்தோடு கூடவே போகும். தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என் கேமராவைப் பூட்டினால் வானத்தையே படம் பிடிக்கலாம் என்றார் லாசரஸ். பூட்டியும் விட்டார். மறுபக்கம் தொங்கிய எடைக்குண்டு கேமராவுக்கு அதிகமாகிவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்கும் ஹலீமாவிடம் கேட்டு, ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இரண்டு கட்டி எடைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து அதற்குப் பதிலாகத் தொங்கவிட்டார். அந்த மீன்வாடை ஒரு மாதம் போகவில்லை.

படம் எடுத்தோம். நட்சத்திரம் ஒவ்வொன்றும் கோடாக இழுத்திருந்தது. "கை நடுங்குதா, லாசரஸ்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டவன் நான்தான்.

"கை சரியாத்தான் இருக்கு பாய். இரும்புதான் இன்னும் லண்டன் நினைப்புல நிக்குது" என்றார்.

நமக்கு விளங்கவில்லை. கருவியோடு வந்த புத்தகத்தில் அச்சு ஐம்பத்தொரு பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. இங்கிலீஷில் அச்சடித்திருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய கூட்டம் நாம்! அந்தச் சாய்வு லண்டன் வானத்துக்கு உரியது. பூமத்திய ரேகையை ஒட்டி வாழும் நமக்கு அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் யார்? படித்த நாமா? ஃபிட்டர் லாசரஸ்!

கண்டுபிடித்தவர் சும்மா இருந்தாரா? ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு வந்து, தாங்கியின் தலையை ரம்பத்தால் அறுத்து, புது ஆணி போட்டு முடுக்கிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் கருவி நோயாளி மாதிரி படுத்திருக்கிறது. செயற்குழு கொதித்தது. "யாரைக் கேட்டு அறுத்தீங்க?" என்று கத்தினேன்.

"கேட்டா விடமாட்டீங்க லா" என்றார், நம் ஊர் 'லா' போட்டு.

அன்றே தீர்மானம் எழுதினேன். 'மன்றக் கருவியைக் கெடுத்த லாசரஸ் கண்டிக்கப்படுகிறார். மாத இறுதிக்குள் பழையபடி ஆக்காவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.' நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகளைச் செய்தவரே அவர்தான்! பட்டறை, கோயில், வீடு விட்டால் அவருக்கு இந்த மன்றம்தானே இருந்தது? அப்போது 1965 அக்டோபர். விடியற்காலையில் வால்நட்சத்திரம் தெரியத் தொடங்கியிருந்தது. அவர் வாதாடவில்லை. "ஒரு விடியக்காலை குடுங்க. படம் கோடா வந்துச்சுன்னா நானே போயிடறேன்" என்று மட்டும் கேட்டார்.

சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். கேமராவின் ஷட்டரைத் திறந்துவிட்டேன். மோட்டார் கிடையாது, அச்சைச் சுழற்றும் திருகைக் கையால்தான் திருப்ப வேண்டும், ஒரே சீராக. கடிகாரத்தைப் பார்த்தால் கை தடுமாறும் என்று லாசரஸ் ஜெபமாலையை எடுத்தார். ஒரு 'அருள் நிறைந்த மரியே'வுக்குக் கால் சுற்று. வீட்டிலேயே நூறு முறை அளந்து பார்த்திருந்தாராம்! இருபது ஜெபம் முடியும் வரை நான் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் இதோ, இந்தச் சுவரில்! கடலிலிருந்து எழும்பும் அந்த வாலைப் பாருங்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் பாருங்கள். ஒன்றாவது இழுத்திருக்கிறதா? ஒவ்வொன்றும் ஊசிமுனை! அப்போது நாடு பிறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் நம் வானத்துக்கு ஏற்றபடி ஓர் அச்சைப் படுக்க வைத்தார் நம் ஃபிட்டர். மார்தட்டிச் சொல்வேன், அவர் நம்மவர்!

அவர் மன்றத்திலேயே இருந்தார். நானும் பாராட்டினேன், தோளில் தட்டினேன், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தீர்மானம் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. தவறு என்னுடையது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகள்! நேற்று ஜோசபின் அம்மா சொன்னார்: "அத எடுக்கச் சொல்லிக் கேளுங்கன்னு எத்தனையோ தடவ சொன்னேன் பாய். 'பாய் எழுதுனது, பாயே அடிக்கட்டும்'னுட்டாரு." வெட்கமாக இருக்கிறது, நண்பர்களே.

குவீன்ஸ்டவுன் பள்ளி ஒன்றுக்காக அவர் செய்துவந்த இரண்டாவது தாங்கி பாதியில் நிற்கிறது. அதை நாம் முடிப்போம். அவர் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோட்டிலேயே அறுப்போம். அந்தப் பிள்ளைகள் எடுக்கும் முதல் படத்தின் கீழே அவர் பெயரை எழுதுவோம்.

தலைவர் அவர்களே, இரங்கல் தீர்மானத்துக்கு முன்னால் வேறொன்றை முன்மொழிகிறேன். 'லாசரஸ் கருவியைக் கெடுக்கவில்லை, திருத்தினார். தவறியவர் செயலாளர்.' பழைய வரியை என் பேனாவாலேயே இதோ அடிக்கிறேன். ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

ஜோசபின் அம்மா, நீங்கள் உட்கார்ந்திருங்கள். நிற்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.