சோதனைக் கட்டத்தை வெட்டியது யார்?

நமக்குத் துணி வெட்டித் தரும் கட்டிங் அக்காவின், இன்னும் கையெழுத்தாகாத பணிநீக்கக் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு தலைமை இருக்கையில் வீற்றிருக்கும் நம் கூட்டுறவுத் தையற்கூடத் தலைவர் அவர்களே! பார்வை மங்கிய பின்னும் காஜா பிசகாத பெரியோர்களே! மடியில் மழலையும் கழுத்தில் அளவுநாடாவுமாக வந்திருக்கும் தாய்மார்களே! தூணோரம் நிற்கும் சூப்பர்வைசர் அவர்களே, தங்களுக்கும் என் வணக்கம்!

இனிக்க இனிக்கப் பேச நான் வரவில்லை. எரிகின்ற நெஞ்சோடு வந்திருக்கிறேன்.

மருத்துவமனை ஊழியர்களுக்கு முந்நூறு மேலங்கிகள் தைத்தோம். ஒன்றில்கூடக் கை நுழையவில்லை. "கட்டிங் தப்பு" என்று ஒரே வரியில் தீர்ப்பு! இருபத்திரண்டு ஆண்டுகள் நூலளவும் பிசகாத கைக்கு ஒரே வரி!

துணிமேல் வைத்து வெட்டும் அளவுப்படமான பேட்டர்னை வரைந்தவள் நான். வரைந்தது என் கைக்கணினியில்; அச்சிடுவது கட்டிங் அறைக் கணினியில். இது ஒரு கம்பெனியின் இயங்குதளம், அது வேறொன்றின் இயங்குதளம். தன் கம்பெனிக் கருவி என்றால் தொட்டவுடன் கோப்பு பறக்குமாம்! வேற்றுக் கம்பெனிக் கருவி என்றால், உரசிக்கொண்டு நின்றாலும் கண்ணுக்கே தெரியாதாம்! விலை கொடுத்து வாங்கியவர்கள் நாம். வேலி போட அவர்கள் யார்?

என்ன தங்கையே? "பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா என்ன?" என்றா கேட்கிறாய்? அதைச் செருக என் கைக்கணினியில் ஓட்டையே இல்லையம்மா! சிரியுங்கள், சிரியுங்கள். நான் அன்று அழுதேன்.

வழி தெரியாமல் நான் தவித்தபோது சூப்பர்வைசர் வந்தார்.

"என்னம்மா, இன்னுமா நோண்டிக்கிட்டு இருக்கீங்க? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெசேஜ்ல தட்டி விடுங்க."

"அளவு மாறிடும் சார்."

"படம்னா படம்தானேம்மா! ஆமா, மூலையில என்ன சதுரம்? இடத்த அடைக்குது, வெட்டி விடுங்க."

அந்தச் சதுரம் என்ன தெரியுமா? பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சோதனைக் கட்டம்! அச்சான தாளில் அது பத்து இருந்தால்தான் அக்கா கத்தரியைத் தொடுவார். அதை வெட்டியெறிந்த விரல் எது? இதோ, இந்த விரல்! அதை மறைக்க நான் மேடையேறவில்லை.

படம் சுருங்கியது; பேட்டர்ன் குறுகியது. அக்கா கேட்காமலா இருந்தார்? கேட்டார்!

"கட்டத்தக் காணோமே சார்? எத வச்சு அளக்குறது?"

"இது புது முறைக்கா. கட்டமெல்லாம் வராது. வெட்டுங்க, வண்டி வந்துடும்."

அங்கிருந்த நால்வர் காதிலும் விழுந்தது. நால்வரும் இன்று முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கிறார்கள். நிமிருங்கள்!

கல்லூரி வாசலை மிதிக்காதவள் நான். பதினொரு நாள் தேடினேன், படித்தேன், தோற்றேன், மீண்டும் படித்தேன். இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையம்கூட வேண்டாம். இலவசச் செயலி ஒன்றை இரண்டிலும் ஏற்றினால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. கோப்பு மயிரிழையும் குறையாமல் போகிறது! இத்தனை எளிய கதவைத் திறக்காமல் ஒருவர் வாழ்வையா அடைப்பது?

இதோ, கட்டிங் அறைக் கணினியும் அச்சுப்பொறியும் மேடையிலேயே இருக்கின்றன. அனுப்புகிறேன். பாருங்கள், தாள் வருகிறது. தலைவர் அவர்களே, என் அளவுநாடாவைப் பிடியுங்கள். கட்டத்தை அளந்து சொல்லுங்கள்.

"பத்து. கச்சிதமா பத்தும்மா."

கடிதத்தோடு இணைத்திருக்கும், அன்று அச்சிட்ட அந்தப் பழைய பேட்டர்ன் தாளையும் அளந்து சொல்லுங்கள்.

"இதுல கட்டமே இல்லையேம்மா. எத வச்சு அளக்குறது?"

கேட்டீர்களா மக்களே! இதே கேள்வியைத்தான் அக்கா அன்று கேட்டார்! தலைவர் கேட்டால் நியாயம், தையற்காரி கேட்டால் தாமதமா?

தலைவர் பேனாவை மூடிவிட்டார். கடிதத்தை என்னிடமே நீட்டுகிறார். நான் வாங்க மாட்டேன். கடைசி வரிசையில், கதவோரம் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் அக்காவே, எழுந்து வாருங்கள். கத்தரியோடு வாருங்கள்! இந்தக் கடிதத்தை வெட்ட அளவு தேவையில்லை.

வழிவிட்டு எழுந்து நிற்கும் உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!