சுவர்ப் பக்கத்து நட்டு

ஐயோ, அதத் தொடாதீங்க மாப்பிள. வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து துருவுல கை வைக்கலாமா? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் ஆடும். சுவத்துல சாஞ்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. ஸ்பேனர் என்கிட்டயே இருக்கட்டும்.

லாரி ஓட்டின மனுஷன், ஒரு நட்டக் கழட்டத் தெரியாம உக்காந்திருக்கானேனு பாக்கறீங்க. பாருங்க, பாருங்க. லாரியில நட்டு கழண்டு விழாம இருக்கணுமேனுதான் காலம் பூரா பயந்தேன். கழட்டணும்னு எங்க பயந்தேன்?

உங்க பைக்கோட பின் சக்கரத்து அச்சு நட்டு இது ஒண்ணுதான் பாக்கி. செயின் கவர், பிரேக் ராடு எல்லாம் பிரிச்சாச்சு, அந்தத் தட்டுல போட்டு வச்சிருக்கேன் பாருங்க. இது மட்டும் வந்துட்டா அச்ச உருவி, சக்கரத்த வெளிய எடுத்து, டியூப்ப மாத்தி, காத்தடிச்சு உங்க கையில குடுத்துடுவேன். நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிடலாம்.

டியூப் வாங்க வேண்டாம். புதுசு இருக்கு வீட்ல.

மண்ணெண்ணெயா? அதெல்லாம் காலையிலயே துணிய நனைச்சுச் சுத்தி வச்சுட்டேன். சுத்தியால மெல்லத் தட்டியும் பாத்தாச்சு. ஓங்கி அடிக்கக் கூடாது மாப்பிள, மரை போயிடும். மரை போச்சுன்னா அச்சே போச்சு. இத மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது. முதல்ல கொஞ்சூண்டு இறுக்கணும். ஆமா, கழட்டறதுக்குத்தான் இறுக்கறது. சிரிக்காதீங்க. ஒரு மயிரிழை இறுக்கினா உள்ள பிடிச்ச துரு பொருபொருன்னு உடையும். அப்புறம் ஒரு மயிரிழை தளத்தணும். மறுபடி இறுக்கணும். அப்படியே தாஜா பண்ணித்தான் வெளிய கொண்டு வரணும். நேரம் பிடிக்கும்.

மெக்கானிக்கா? தெருமுனையில ஒருத்தன் இருக்கான். வந்தான்னா ஸ்பேனர்ல ஒரு நீளக் குழாயச் சொருகி, மேல ஏறி ஒரு மிதி மிதிப்பான், முடிஞ்சுது. அவன் இன்னிக்குக் கடை திறக்கலியாம்.

லோடு வண்டியெல்லாம் எதுக்கு? காத்து இல்லாத சக்கரத்த உருட்டி ஏத்தினா ரிம்மு வளையும். அப்புறம் அதுக்கு வேற அலைவீங்க. டீயக் குடிங்க முதல்ல. ஆறி ஆடை படிஞ்சு போச்சு பாருங்க. உங்க அத்தை உங்களுக்குன்னு போட்டது. எனக்கெல்லாம் இந்த நேரத்துல கேட்டாலும் கிடைக்காது.

துரு பிடிக்காம என்ன பண்ணும்? நீங்க அன்னிக்கு எங்க நிறுத்தினீங்களோ அங்கயேதான் நின்னுச்சு. மாடித் தண்ணி இறங்கற குழாய்க்கு நேர் கீழ. சுவரோட சுவரா ஒட்டி. நீங்க சாவிய டேபிள் மேல வீசிட்டு நடந்தே போயிட்டீங்க. அத எடுத்து ஆணியில மாட்டினது உங்க அத்தை. வண்டியத் தள்ளி வைக்கறேன்னு நான் போனேன். உங்க பொண்டாட்டி, யாரும் தொடக் கூடாதுன்னுட்டா. மழைக்காலம் பூரா சொட்டு சொட்டா அது தலையிலதான் விழுந்துச்சு.

இல்ல, அந்தப் பேச்ச நான் எடுக்கல. நீங்க வண்டியப் பத்திக் கேட்டீங்க, நான் வண்டியப் பத்திச் சொல்றேன்.

ஆனா ஒண்ணு. வெளியூர்ல வேலை கிடைச்சதுக்கு நான் உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். நல்ல வேலை, போகத்தான் வேணும். சாப்பிட உக்காந்த இடத்துல, எங்க எல்லார் முன்னாடியும், சரின்னு எழுதிக் குடுத்துட்டேன், அடுத்த வாரம் கிளம்பறோம்னு சொன்னீங்க பாருங்க. உங்க பொண்டாட்டி கையில கரண்டியோட நின்னுக்கிட்டு இருந்தா. எங்களுக்குத் தெரிஞ்ச அதே நேரத்துலதான் அவளுக்கும் தெரிஞ்சுது. அவ வரமாட்டேன்னு சொன்னது ஊருக்காக இல்ல மாப்பிள. சரி, விடுங்க. அந்தத் துணிய எடுங்க. கை வழுக்குது.

அவளும் லேசுப்பட்டவ இல்ல. ஒத்துக்கறேன். நீங்க ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டுப் போனீங்க, அவ ஒரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. நடுவுல கிடந்து அல்லாடறது நாங்க. வீட்ல மூணு பேர் இருக்கோம், பேசறது டிவி மட்டும்தான். வாயத் திறந்தா என்ன சண்டை வருமோன்னு உங்க அத்தை உப்பு வேணுமான்னுகூட கேக்கறதில்ல, டப்பாவ எடுத்து முன்னால வச்சுட்டுப் போயிடறா. அலுத்துப் போச்சு மாப்பிள. லாரியில ராத்திரி பகலா ஓட்டினப்பகூட எனக்கு இப்படி உடம்பு ஓஞ்சதில்ல.

மணி பாக்கறீங்களா? பஸ்ஸா? வண்டியில போகத்தானே வந்தீங்க, பஸ் எதுக்கு?

அவ வேலைக்குப் போயிருக்கா. கண்ணாடிக் கடைக்கு. நேத்து போன்லயே சுத்தி வளைச்சு அதத்தானே கேட்டீங்க? அவ எப்பப் போவா, எப்ப வருவான்னு. எனக்குப் புரியாதா? சாயங்காலம் வருவான்னு சொன்னேன். தினமும் சாயங்காலம்தான் வருவா.

கொஞ்சம் அந்தச் சக்கரத்தப் பிடிங்க. சட்டை படாம. ஆங், அப்படி. நான் மெல்ல இறுக்கறேன். மறுபடி விடறேன். அவசரப்பட்டா ஆகாது.

இந்த நட்டு முனையப் பாத்தீங்களா? மழுங்கிப் போயிருக்கு. ஆறு பக்கமும் தேஞ்சு உருண்டையா ஆகப் பாக்குது. அது துருவால ஆனதில்ல. அளவு சேராத ஸ்பேனரப் போட்டு யாரோ முட்டி மோதியிருக்காங்க. கீறின இடம் வெள்ளையா மின்னுது பாருங்க. புதுக் கீறல்.

நானா? எனக்கு ஸ்பேனர் அளவு தெரியாதா?

சொல்றேன். கொஞ்ச நாளா நம்ம வீட்டு பாத்ரூம்ல சோப்பு கறுப்பாக் கிடந்துச்சு. உங்க அத்தை என்னத் திட்டினா, கைய ஒழுங்காக் கழுவிட்டுச் சோப்பத் தொடுன்னு. லாரிய விட்டு இறங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, எனக்கு ஏது கிரீஸு? சரி, நம்ம தலையெழுத்துன்னு வாங்கிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு நீட்டும்போது பாக்கறேன், உங்க பொண்டாட்டி நகக்கண்ணு பூரா கறுப்பு. கண்ணாடிக் கடையில ஏது மாப்பிள கிரீஸு?

நான் கேக்கல. கேட்டா அதோட நிறுத்திடுவா. அவ குணம் உங்களுக்கே தெரியும்.

அப்புறம் இன்னொரு நாள், டிவி பாத்துக்கிட்டே சும்மா கேக்கற மாதிரி கேக்கறா. ஏம்பா, நீ லாரியில அந்தப் பக்கம் போயிருக்கியே, வழியில மேடு ஜாஸ்தியான்னு. எந்தப் பக்கம்மானு கேட்டேன். நீங்க இருக்கற ஊரச் சொன்னா. மேடுதான், ஆனா ரோடு நல்லா இருக்கும்னேன். பைக்கெல்லாம் ஏறுமான்னா. ஏறும்னேன். ம்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. ஓட்டக் கத்துக் குடுத்தது நீங்கதானே? மூணாவது கியர்லயே மேடு ஏறுவான்னு கிண்டல் பண்ணுவீங்களே.

என்ன மாப்பிள, அந்தக் கீறலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? டீயாவது குடிங்க.

டியூப் நான் வாங்கல. பீரோ மேல போர்வைக்கு அடியில இருந்துச்சு. உங்க அத்தை தூசி தட்டும்போது எடுத்தா, எனக்குக் காட்டிட்டு அப்படியே திருப்பி வச்சுட்டா. அந்தப் பொட்டலம்தான் உங்க பக்கத்துல இருக்கறது. பிரிச்சுப் பாருங்க. அளவு சரியா இருக்கும். டியூப் அளவு விசாரிக்கத் தெரிஞ்சவளுக்கு ஸ்பேனர் அளவு தெரியல, பாருங்க.

அது மட்டும் இல்ல. பெரிய கூத்து வேற. காலையில வண்டியச் சுவத்த விட்டு இழுத்துப் போட்டப்புறம்தான் எனக்கே விளங்குச்சு. நட்டு இருக்கறது சுவர்ப் பக்கம். அங்க ஆள் நுழைய முடியாது. இவ என்ன பண்ணியிருக்கா, இந்தப் பக்கம் உக்காந்து, சக்கரத்துக்கு மேல கைய விட்டு, அந்தப் பக்கத்து நட்ட எட்டிப் பிடிச்சிருக்கா. வழக்கமாக் கழட்டற பக்கம்தான் திருப்பியிருக்கா, பாவம். ஆனா நட்டுக்குப் பின்னால இருந்து பாத்தா எல்லாம் தலைகீழ் இல்லையா? கழட்டறேன் கழட்டறேன்னு ஒவ்வொரு நாளும் இறுக்கிக்கிட்டே இருந்திருக்கா. துரு பாதி, அவ கைவேலை பாதி. எந்த நட்டுதான் அசையும்?

வண்டியத் தள்ளி வைக்கலாம்னு தோணல பாருங்க. நீங்க நிறுத்தின இடத்த விட்டு நகத்தக் கூடாது அவளுக்கு.

எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. கேட் சத்தம்தான் அது. நம்ம வீட்டுக் கேட்தான். இந்த நேரத்துல யாரா? இன்னிக்கு அவளுக்கு அரை நாள். நீங்க எப்ப வருவான்னு கேட்டீங்க, தினமும் எப்ப வருவாளோ அதச் சொன்னேன். இன்னிக்கு எப்பன்னு நீங்க கேக்கவே இல்லையே.

வரட்டும். செருப்பக் கழட்டிட்டு நேரா இங்கதான் வருவா. வந்ததும் வண்டி நகந்திருக்கேன்னு என்னத்தான் முறைப்பா. என்னால முடியாது சாமி. இடுப்பு விட்டுப் போச்சு, கொஞ்சம் கையக் குடுங்க, எழுந்துக்கறேன். சட்டை பரவாயில்ல, பிடிங்க. நான் உள்ள போய்ப் படுக்கறேன். சக்கரத்த மாட்டும்போது ஒரு ஆள் தூக்கிப் பிடிக்கணும், ஒரு ஆள் அச்சச் சொருகணும். ஒத்தையா ஆகற வேலை இல்ல.

நட்டா? அது காலையில அவ கிளம்பின கொஞ்ச நேரத்துலயே கழண்டுடுச்சு. சும்மா விரலாலதான் மாட்டி வச்சிருக்கேன். திருகுங்க, வந்துடும்.