திரியில் வைத்த பூ

தேநீரில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, கமலினி. ராதா போட்டால் அளவாக இருக்கும். அவள் உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசுவோம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

ராதா பள்ளியில் படித்தபோது ஈரோட்டில் அவள் அம்மா அடுப்படியில் சேலையில் தீப்பிடித்து இறந்துபோனார். அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலே, அடுப்பையும் விளக்கையும் அணைத்தோமா என்று இவளுக்கு நெஞ்சு படபடக்கும். பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்வாள். கல்யாணமானதிலிருந்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்காக நான் போகாத இடமுமில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, பாரமட்டாவில் அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். மலைப்பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ஒலி எழுப்பினார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லீன்னா நான் என்ன ஆவேனுங்க?" என்பாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பயணங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

பிறகு நார்த்மீட்டில் உங்கள் வகுப்பு. நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் தட்டிக்கொண்டே மனதுக்குத் தைரியம் சொல்லிக்கொள்வது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அது பலித்துவிட்டது. காலையில் சாமி விளக்கை ஊதி அணைக்காமல், திரியில் ஒரு பூவை வைத்து அமர்த்துவாள். "அமத்திட்டேன், பாத்துட்டேன்" என்று தட்டிக்கொண்டே சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பென்டில் ஹில் ஸ்டேஷனில் தனியாக ரயிலேறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் கமலினி அக்கா, காரில் ஏறினால் கமலினி அக்கா. இத்தனை வருடம் நான் பிடித்திருந்த கையைச் சில வாரங்களில் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ரயில் வருவதற்குச் சற்று முன் வீட்டுக்கு வந்து, பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விளக்கை ஏற்றினேன். காலையிலேயே ஏற்றியிருக்கலாம். ஆனால் ஆளில்லாத வீட்டில் வெகுநேரம் விளக்கு எரிவது ஆபத்து. நான் அப்படிப் பொறுப்பில்லாதவன் இல்லை. தெருமுனையில் காரில் காத்திருந்து, அவள் அழுதுகொண்டே போன் செய்ததும் வந்து அணைத்துக்கொண்டேன். வெகுநாளைக்குப் பிறகு என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

மறுநாள் நீங்கள் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஓம் ராதா, மறதி எல்லாருக்கும் வரும்தானே. பயப்பிடாதேங்கோ." அவ்வளவுதான், திங்கட்கிழமை தட்டிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டாள். இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தேன். அதையும் நீங்கள் சரிசெய்துவிட்டீர்கள்.

அதனால்தான் அவள் அம்மாவின் சேலை தேவைப்பட்டது. பூஜை அலமாரியில் மடித்து வைத்திருந்தாளே, அந்தப் பட்டுச்சேலை. முந்தானை ஓரம் மட்டும்தான். புகை அலாரத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் வாளியில் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் அலாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, விளக்கை எரியவிட்டு வந்தேன். அன்று அவள் போன் செய்யவில்லை. நானாகப் போய்ப் பார்த்தபோது கரிந்த முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலை பூ வைத்த திரியைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை அவளும்தான் பார்த்தாள். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டு வந்திருக்கிறீர்கள். அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். எங்களுக்குள் இருக்கும் நம்பிக்கை அப்படி.

வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் இப்போது விளக்கே ஏற்றுவதில்லை. ஆனாலும் நேற்று கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நீங்க பாத்துட்டீங்களா? நீங்க பாத்தாப் போதுமுங்க" என்றாள். வழி முழுக்க என் கையை விடவில்லை.

விளக்கை ஏற்றியது நான்தான், மூன்று முறையும். சேலையைக் கொளுத்தியதும் நான்தான். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். ராதாவிடம் மட்டும் வேண்டாம். பாவம், பயந்துவிடுவாள்.